இறக்கத்தில் லாரிகள்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பாதையில் சரக்கு லாரிகள் விபத்துக்குள்ளாவது பற்றி நீலகிரியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களில் ஆறினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்தில் நெடுங்காலம் லாரிப் பட்டறை நடத்தியவன் என்பதால், இவற்றில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளை வண்டிக்கு அடியில் படுத்தபடி நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குன்னூர் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தால் ‘பிரேக் பிடிக்காததால்’ என்ற ஒரே காரணம்தான் மறுநாள் செய்தியில் வருகிறது. காலையில் ஒரு குறையும் இல்லாமல் மேலே வந்த வண்டிக்கு மாலையில் மட்டும் பிரேக் எப்படி இல்லாமல் போகும்?
— ஆசிரியை ஒருவர், அருவங்காடு

பிரேக் பிடிக்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது விபத்தின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி மேலே குன்னூரிலோ, சில வாரங்களுக்கு முன்பு பட்டறைக்குப் போகாமல் தள்ளிப்போட்ட நாளிலோ இருக்கும்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. 16 டன் எடையுள்ள ஒரு லாரி இந்த 1,500 மீட்டரையும் வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், மேலே நின்றபோது அதற்குள் இருந்த ஆற்றல் முழுவதும் வழியிலேயே வெப்பமாகக் கழிய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வெப்பம் சுமார் 750 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். டயரும் எதிர்க்காற்றும் இதில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்காததை எல்லாம் சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளைகளான பிரேக் டிரம்கள்தாம் வாங்கியாக வேண்டும். ஏறும்போது பிரேக்குக்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்பதால், காலையில் வண்டி நன்றாக ஏறி வந்தது என்பதிலிருந்து பிரேக்கைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஓட்டுநர் மிதியில் காலை வைத்தபடியே இறங்கும்போது டிரம் சில நூறு டிகிரி வரை சூடாகும். அப்போது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி உரசும் பட்டையான லைனிங்கின் பிடிப்புத் தன்மை குறைகிறது. சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுகிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்கில் காற்று தள்ளும் தண்டு ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் நகராது. லைனிங் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரியாக இறுக்காமல் விட்ட வண்டியில், அந்தத் தூரத்தின் பெரும்பகுதி குளிர்ந்த நிலையிலேயே செலவாகிவிடும். சமவெளியில் அந்தக் குறை தெரியவே தெரியாது; மிதித்தால் வண்டி நிற்கும். மலையில் டிரம் விரிந்ததும் தண்டு தன் எல்லையைத் தொட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் லைனிங் டிரம்மில் உரிய பலத்தோடு பதியாது. ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று ஓட்டுநர் சொல்வது பொய்யன்று. நேற்று அவர் சமவெளியில் ஓட்டியிருப்பார்.

நான்கு சக்கரங்களில் இரண்டின் பிரேக் மட்டும் சரியாக இருந்தால், அந்த இரண்டே எல்லா வேலையையும் செய்து முதலில் எரியும். விபத்துக்குப் பின் பட்டறைக்கு இழுத்து வரப்பட்ட வண்டிகளைக் கழற்றும்போது இதைத்தான் மீண்டும் மீண்டும் கண்டேன். ஒரு பக்கத்து டிரம் நீலம் பாரித்து, லைனிங் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடக்கும்; மறுபக்கத்தில் சூடு பட்ட அடையாளமே இருக்காது. எண்ணெயால் இயங்கும் பிரேக் உள்ள சிறிய சரக்கு வண்டிகளில் கோளாறு வேறு விதமாக வரும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி உண்டாகி, மிதி பஞ்சுபோல் தரை வரை இறங்கிவிடும். ஆயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

இவற்றோடு பாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு அச்சுகளும் ஆறு டயர்களும் கொண்ட லாரியின் மொத்த எடை வரம்பு 2018ஆம் ஆண்டில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேலும் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஆனால் வெப்பக் கணக்கில் சலுகை கிடையாது. 16 டன்னுக்குப் பதிலாக 20 டன் இறங்கினால் டிரம் தாங்க வேண்டிய சூடு நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த 963 பெரிய லாரி விபத்துகளை அந்நாட்டு அரசு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. அவற்றில் சிக்கிய லாரிகளில் பத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஏதோ ஒரு பிரேக் குறை இருந்தது. ஆயினும் தவறு லாரியின் பக்கம் என்று முடிவான விபத்துகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுநரின் செயலையே தீர்மானமான காரணமாக எழுதினார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. குறையுள்ள பிரேக்கை அடிவாரம் வரை காப்பாற்றிக் கொண்டுவரக்கூடிய ஓட்டுநர் உண்டு. நல்ல பிரேக்கை, வழியில் வரும் காட்டேரி என்ற ஊரைத் தாண்டுவதற்குள் எரித்துவிடும் ஓட்டுநரும் உண்டு. என்றாலும், லைனிங் மாற்றப் பணம் தராத உரிமையாளரின் பெயரும், வரம்புக்கு மேல் மூட்டை ஏற்றியவரின் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் எப்போதாவதுதான் வருகின்றன என்பது எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம்.

என் கணவர் கோத்தகிரியிலிருந்து தேயிலைத்தூள் ஏற்றி இறங்குபவர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று வண்டி உரிமையாளர் சொல்கிறாராம். உண்மையா?
— மேட்டுப்பாளையம் வாசகி

உண்மையில்லை, அம்மா. இதை உங்கள் கணவரிடம் மட்டுமல்லாமல் அந்த உரிமையாளரிடமும் காட்டுங்கள்.

கியரில் இருக்கும் டீசல் எஞ்சின், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த நிலையில் இறக்கத்தில் உருளும்போது, சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. அப்போது எஞ்சினுக்கு எண்ணெய் செல்வது நிறுத்தப்படுகிறது. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய வண்டிகளில் அந்த நேரத்தில் ஒரு சொட்டு டீசல்கூடச் செலவாவதில்லை. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கவே டீசல் வேண்டும். ஆகவே மிச்சமாவது கியரில் இறங்கும்போதுதான்.

டீசலைவிடப் பெரிய இழப்பு மற்றொன்று. நியூட்ரலில் விட்ட அந்தக் கணமே எஞ்சின் தாங்கிக்கொண்டிருந்த பங்கு முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் மெதுவாகச் சுழல்கிறது. ஓட்டுநர் அடிக்கடி மிதித்துச் செலவழிக்கும் காற்று அதே வேகத்தில் டேங்கில் நிரம்புவதில்லை. வண்டி வேகம் பிடித்த பிறகு திரும்பவும் கியர் போடலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் கியர் விழாது. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லாரிகள் அடுத்தடுத்து மோதிக்கொள்வதற்கு இந்த நியூட்ரல் பழக்கத்தை ஒரு காரணமாகக் காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையினரும் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். அங்கே இறக்கம் சில கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. நம் பாதையில் அதைப் போலப் பல மடங்கு தூரம் இறங்க வேண்டும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். இன்றைய வண்டிகளின் எஞ்சின் பலம் கூடியிருப்பதால் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுகின்றன. எனவே இறங்கும்போது அதைவிட ஒரு கியர் குறைவாக இருப்பது நல்லது. கியரைக் குறைக்க வேண்டிய இடம் இறக்கம் தொடங்குவதற்கு முன்பு. தொடங்கிய பின்பு அன்று. எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அதை இறக்கம் முழுவதும் போட்டு வைக்கலாம். கால் பிரேக்கை மெல்லத் தொட்டபடியே இருப்பதைவிட, வேகம் சற்றுக் கூடும்போது அழுத்தமாக மிதித்து, 8 அல்லது 10 கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விட்ட இடைவெளியில் எல்லாச் சக்கரங்களின் டிரம்மும் ஒருசேர ஆறும்.

கேரட் மூட்டை உயரமாக ஏற்றுவதால்தான் வண்டி கவிழ்கிறதென்று எங்கள்மீது பழி போடுகிறார்கள். வளைவில் கவிழ்வதற்கு வேகம்தானே காரணம்?
— காய்கறி விவசாயி ஒருவர், கேத்தி

ஐயா, இரண்டும் சேர்ந்துதான் கவிழ்க்கின்றன. வளைவில் வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியாகக் கூடும். 20 கிலோமீட்டரில் இருப்பது 40 கிலோமீட்டரில் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. அந்த விசையை எதிர்த்து வண்டியை நிறுத்துவது சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம். பாரத்தின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த அகலத்தின் பயன் குறைகிறது. கார் வளைவில் சறுக்கும். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரியோ சறுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும். ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியதை அவர் உணரும்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

கழுவிய கேரட் ஈர மூட்டை வழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கயிறு தளர்ந்து மூட்டைகள் ஒரு பக்கம் சரிந்தால், வேகம் குறைவாக இருந்தாலும் கவிழும். பாதி நிரம்பிய தண்ணீர் லாரி, முழுதும் நிரம்பியதைவிட ஆபத்தானது. வளைவில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கமாக ஓடி அடிக்கும். நீளமாக வெட்டிய கற்பூரமரக் கட்டைகள் கவிழ்வதோடு நிற்காமல், பின்னால் வருபவர்மேலும் உருண்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவடைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் விடியற்காலை இருட்டில் சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டோ மூட்டைமேல் அமர்ந்துகொண்டோ போகிறார்கள். ஓட்டுநர் மட்டும் காயத்தோடு தப்பியிருக்கக்கூடிய விபத்து, இவர்களால் பல உயிர்கள் போகும் விபத்தாகிறது. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ ஏறிச் சென்றால் மட்டும் சட்டம் வேறு. ஆகவே அன்றைய கூலிக்காக ஏறிய ஒரு பெண் இறந்தால், அவருடைய பிள்ளைகள் வண்டி உரிமையாளரின் சொத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரலாம். ஆட்களுக்குத் தனி வண்டி வைப்பது உங்களுக்குச் செலவுதான். இருந்தாலும் தயவுசெய்து வையுங்கள்.

நான் தினமும் ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் செல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் லாரி என் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஏன் அப்படி ஓட்டுகிறார்கள்?
— மாணவி, கோத்தகிரி

அவர்கள் திமிரால் அப்படிச் செய்வதில்லை, தங்கையே. நீளமான வண்டியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்திலேயே போவதில்லை. அவை வளைவின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். பின்சக்கரம் ஓடையில் இறங்காமல் இருக்க வேண்டுமானால், முன்பகுதியை எதிர்ப்பக்கம் வரை கொண்டுபோய்த்தான் திருப்ப முடியும். லாரி அகலமாகப் போகிறதே, உள்பக்கம் இடம் இருக்கிறதே என்று அங்கே ஸ்கூட்டரை நுழைத்தால், சில நொடிகளில் பின்சக்கரம் அந்த இடத்துக்கு வந்து சேரும். ஓட்டுநரின் இடப்பக்கக் கதவுக்குக் கீழேயும் வண்டியின் பின்புறத்தை ஒட்டியும் நிற்பவரை அவரால் பார்க்கவே முடியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். லாரியும் ஸ்கூட்டரும் மோதினால் யார் இறப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். லாரி முழுவதுமாகத் திரும்பி நேரான பிறகு நீங்கள் செல்லுங்கள். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது பழக்கம் மட்டுமல்ல, சாலை விதியுமாகும். பாரத்தோடு ஏறும் லாரி வளைவின் நடுவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். பின்னால் உருளவும் கூடும். ஆகவே ஏறும் லாரிக்குப் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். மூடுபனி நாட்களில் இந்த இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

மலையில் நடப்பதைவிடக் கீழே, நேரான சாலையில் நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்னால் மோதி இறப்பவர்கள் அதிகமாகத் தெரிகிறதே?
— காரமடை வாசகர்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். லாரியின் பின்பலகை, காரின் முன்கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. மோதும் கார் அதன் அடியில் புகுந்துவிட்டால், காரின் பலமான முன்பகுதியும் காற்றுப்பையும் பயன்படாமல் போய், பலகை நேரே தலைக்கு வந்துவிடும். அப்படிப் புகாமல் தடுப்பதற்காகத்தான் பின்னால் தாழ்வாக ஓர் இரும்புக் குறுக்குத் தடுப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அது துருப்பிடித்து, ஒரு முனை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என்று ஒளியை எதிரொளிக்கும் பட்டைகள் ஒட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சேறு படிந்த பட்டையால் ஒரு பயனும் இல்லை.

மலையில் இதற்கு உறவான ஓர் ஆபத்து உண்டு. பழுதாகி நின்ற லாரியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, வண்டி கிளம்பிய பிறகு சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் பனிக்குள் வரும் ஸ்கூட்டருக்கு அந்தக் கல் போதும். கல் வைத்தவரே அதை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். கிளீனர்களிடம் உரிமையாளர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பந்தலூரிலிருந்து இரவில் தூள் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் விடிவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். தூக்கம் வந்தால் டீ குடித்துச் சமாளிக்கிறோம். மேலும், ஒருவேளை மலையில் பிரேக் போய்விட்டால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள்.
— ஓட்டுநர் ஒருவர்

டீ விழிப்பைச் சற்று நேரத்துக்குக் கடன் கொடுக்கும், தூக்கத்தை அகற்றாது. விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பே தூங்கச் சொல்லும் நேரம். அப்போது சில நொடிகள் கண் திறந்தபடியே மூளை தூங்கிப்போவதுண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 50 மீட்டர். தூக்கத்தால் நடக்கும் விபத்தைச் சாலையில் பார்த்தாலே தெரியும்: பிரேக் பிடித்த டயர்த் தடம் இருக்காது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். ஒற்றை ஓட்டுநரை வைத்து இரவும் பகலும் ஓட்டச் சொல்லும் உரிமையாளரிடம் இதைக் கேட்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம். சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். கண் சொக்கும்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவது, நான்கு டம்ளர் டீயைவிட மேலானது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிரேக் முழுவதுமாகப் போவதற்கு முன்பு வண்டி சொல்லிவிடும். கருகிய வாடை வரும், சக்கரத்தில் புகை தெரியும், அதே வேகத்துக்கு முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும், காற்றழுத்த முள் இறங்கிப் பஸர் ஒலிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், பிடிப்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். குன்னூர் இறக்கத்தில் மரப்பாலமோ பர்லியாறோ வரட்டும் என்று காத்திராதீர்கள். நிறுத்தியதும் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரம் தானாக ஆறும் வரை காத்திருங்கள். தண்ணீரை ஊற்றினால் டிரம் விரிசல் விடும். சூட்டில் டயர் பற்றிக்கொள்ளவும் கூடும் என்பதால் சற்று விலகி நின்று கவனியுங்கள்.

அதையும் மீறிப் போய்விட்டால், எஞ்சினை அணைக்காதீர்கள்; அணைத்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், காற்றும் நிரம்பாது. இருக்கும் கியரை விடாமல், எக்ஸாஸ்ட் பிரேக்கையும் கைபிரேக்கையும் போடுங்கள். ஹாரனையும் முகப்பு விளக்கையும் விடாமல் இயக்குங்கள். கிளீனரைக் குதிக்கச் சொல்லாதீர்கள். வேகம் மிகுவதற்குள், பள்ளத்துப் பக்கத்தை மறந்து மலைப்பக்கம் ஒடித்து, மண்சரிவிலோ வடிகால் ஓடையிலோ வண்டியின் பக்கத்தை உரசவிடுங்கள். வண்டி நசுங்கும், மூட்டை சிதறும், உரிமையாளர் கோபப்படுவார். அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று தயங்கும் நேரத்தில்தான் மலைப்பக்கம் ஒடிக்க முடியாத அளவுக்கு வண்டி வேகம் பிடித்துவிடுகிறது.